டேர் திட்டம்: கல்லூரி ஆசிரியர் விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வகுப்பெடுக்கும் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் பாடம். அதற்கு மேல் செய்முறை வகுப்பு, தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புகள், தேர்வுப் பணி. முனைவர் பட்டம் வாங்கியவர்கூட நான்கைந்து வருடத்தில் ஆய்விலிருந்து விலகிப்போவது இதனால்தான். ஐஐடிக்காரர்களோடு ஒரே வரிசையில் நின்று பெரிய நிதிக்குப் போட்டியிடச் சொன்னால், கருவியே இல்லாத துறையிலிருந்து எதைக் காட்டி ஜெயிப்பது? அப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்து வந்த ஆய்வு நிதித் திட்டம்தான் டேர் (Teachers Associateship for Research Excellence). 2017-18இல் இதைத் தொடங்கியது மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான செர்ப். செர்ப் இப்போது ஏஎன்ஆர்எஃப் எனப்படும் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. கீழே உள்ள தொகைகளும் விதிகளும் செர்ப் வகுத்தவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகம், அதன் கல்லூரிகள், தனியார் கல்லூரிகள் ஆகியவற்றில் நிரந்தரப் பணியில் உள்ள, 45 வயதுக்கு மேற்படாத ஆசிரியர் விண்ணப்பிக்கலாம். அரசு நிதியில் இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வழிகாட்டியைப் பிடித்து, மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் அங்கே போய் வேலை செய்ய வேண்டும். ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். அதில் பாதி உங்கள் கல்லூரிக்கு, பாதி அந்த நிறுவனத்துக்கு. சம்பளம் கல்லூரியிலிருந்து வழக்கம்போல வரும். அதற்கு மேல் உங்கள் கைக்கு ஆண்டுக்கு 60,000.

பணத்தை மட்டும் பார்த்தால் இது சின்னத் திட்டம். உங்கள் பங்கான 2.5 லட்சத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி போனால் பொருளுக்கு நிற்பது சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம். ஆய்வு நிறுவனங்கள் 5 சதவீத வரி மட்டும் கட்டினால் போதும் என்றிருந்த சலுகை 2022 ஜூலையில் எடுக்கப்பட்டுவிட்டது. இன்னும் பழைய விலைப்பட்டியலை வைத்து பட்ஜெட் போடுகிறவர்கள் முதல் ஆண்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். இளநிலை ஆய்வாளர் ஒருவரின் உதவித்தொகையே மாதம் 37,000, வருடத்துக்கு 4.44 லட்சம். ஆக, ஆள் வைத்து வேலை வாங்கும் திட்டம் அல்ல இது, உங்கள் கையால் நீங்களே செய்ய வேண்டியது. கைக்கு வரும் 60,000-ஐ 90 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 667 ரூபாய். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்தில் போய்வர அது தாராளம். சென்னையில் அறை எடுத்துத் தங்க எந்த மூலைக்கும் காணாது.

டேர் உண்மையில் தருவது உள்ளே போகும் உரிமை. நல்ல ஆய்வகத்தில் ஒரு மேசை, அவர்கள் நூலக இதழ்கள், கருவிப் பதிவேட்டில் உங்கள் பெயர். இதை 5 லட்சத்தால் வெளியே வாங்க முடியாது. அதே நேரம், அந்த 90 நாளை உங்கள் கல்லூரி விட்டுக்கொடுக்காவிட்டால் திட்டத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எங்கள் மதிப்பீடு முழுக்க இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

90 நாள் என்பது ஒரு முழுப் பருவத்தின் வேலைநாள் கணக்கு. அதை எங்கிருந்து எடுப்பது என்று விண்ணப்பத்துக்கு முன்பே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கோடை விடுமுறையில் விடைத்தாள் திருத்தம் போக 30 நாள் தேறும். நவம்பர், டிசம்பர் பருவ இடைவெளியில் 15 முதல் 20. மீதி 40 முதல் 45 நாள் வகுப்பு நடக்கும் காலத்தில்தான் வந்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு முழு நாளை, வியாழன் என்று வைத்துக்கொள்வோம், காலியாக வைப்பது, கூடவே கல்லூரி விடுமுறையாக உள்ள சனிக்கிழமைகள். கல்லூரி முதல்வர் தடையில்லாச் சான்றில் கையெழுத்துப் போடுவது எளிது. ஆனால் ஜூன் மாதம் துறைத்தலைவர் அட்டவணை போடும்போது அந்த வியாழக்கிழமை காணாமல் போகும். அதனால் சான்றோடு சேர்த்து, எந்த நாள், எந்தப் பருவம், அது ஓடி-யா (பணிநிமித்த அனுமதியா) விடுப்பா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அரசுக் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வி இயக்ககம் வரை கோப்பு போக வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் முதலில் பணி ஆணையை எடுத்துப் பாருங்கள். அதில் நிரந்தரம் என்ற பொருள் வராவிட்டால் முயற்சி அங்கேயே நிற்கும்.

நிறுவனம் தேர்வில் பெயரைவிடத் தூரம் முக்கியம். அருகில் இருப்பதையே திட்டமும் விரும்புகிறது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி, சென்னையில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் வன மரபியல் நிறுவனமும், திருச்சியில் என்ஐடியும் வாழை ஆராய்ச்சி மையமும், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் என்று வட்டாரத்துக்கு ஒன்று இருக்கிறது. ஐஐடி என்ற பெயருக்காக ஆறு மணி நேரப் பயணம் வைத்துக்கொண்டால் வாரம் ஒரு நாள் கணக்கு உடைந்துவிடும், 90 நாளையும் விடுமுறையில் அடைக்க வேண்டிவரும்.

முன்மொழிவில் அதிகம் சறுக்குவது ஒரே இடத்தில். வழிகாட்டியின் நடப்புத் திட்டத்தைப் பெயர் மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். படிப்பவருக்கு, ஆசிரியர் அங்கே என்ன செய்யப்போகிறார் என்று புரிவதில்லை. எந்த வேலை கல்லூரியில், எந்த வேலை அங்கே என்று பிரித்து எழுதினால் பாதி வலு வந்துவிடும்.

உதாரணமாக, மின்தேக்கிக்கான ஆக்சைடு மின்முனைப் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 மி.லி. டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவ் (அழுத்தக் கலன்) இரண்டு, வெப்பக்காற்று அடுப்பு, காந்தக் கலக்கி, மஃபிள் உலை இவை போதும், தயாரிப்பு முழுவதையும் கல்லூரியில் செய்யலாம். 180 டிகிரியில் 12 மணி நேரம் வைத்து எடுப்பது, கழுவி உலர்த்துவது, எடை போட்டுக் குப்பியில் அடைப்பது எல்லாம் மூன்றாமாண்டு மாணவர் கற்றுக்கொண்டு செய்யக்கூடியவை. வாரம் எட்டுப் பத்து மாதிரியைக் கொண்டுபோய் அங்கே எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை), மின்னணு நுண்ணோக்கி, மின்முனையின் செயல்பாட்டைச் சோதிக்கும் சுழல் வோல்ட்டா அளவீடு. கெடுவது எங்கே என்றால், முதலில் உலையில். கல்லூரி மஃபிள் உலை 400 என்று காட்டும்போது உள்ளே 30, 40 டிகிரி வித்தியாசம் இருக்கலாம், எதிர்பார்த்த படிகநிலை வராது. தனி தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) ஒன்றை வைத்து ஒருமுறை சரிபார்த்து, வித்தியாசத்தை உலை மேலேயே எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது தண்ணீர். பழைய வாலைவடி கலத்தின் நீரில் குளோரைடோ இரும்போ ஒட்டியிருந்தால் வோல்ட்டா வளைவில் தேவையில்லாத முகடு எழும். கடைசிக் கழுவலுக்கும் மின்பகுளிக்கும் ஆய்வகத்தின் தூய நீரையே கேனில் எடுத்துவந்து பயன்படுத்துங்கள்.

வழிகாட்டியிடம் சம்மதக் கடிதம் கேட்கும்போதே கருவிக் கட்டணத்தையும் பேசிவிடுங்கள். உள்ளார் கட்டணமா வெளியார் கட்டணமா, அது அவர்கள் பங்கிலிருந்து போகுமா உங்கள் பங்கிலிருந்தா? பேசாமல் விட்டால் அவர்கள் பக்கத்து 2.5 லட்சம் ஆய்வகத்தின் பொதுச் செலவில் கரைந்திருக்கும், நீங்கள் வெளியாள் விலையில் அளந்துகொண்டிருப்பீர்கள்.

கணக்கு இரண்டு இடத்தில் ஓடுவதுதான் திட்டத்தின் பெரிய பலவீனம். செலவு அறிக்கையும், அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றும் இரு இடங்களிலிருந்தும் வர வேண்டும். ஒரு பக்கம் தாமதமானாலும் அடுத்த தவணை நகராது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பணம் பிப்ரவரி கடைசியில் வந்து சேர்ந்தால், விலைப்புள்ளி கேட்டு வாங்கி முடிக்க ஆறு வாரம்கூட இருக்காது. ஆகவே அனுமதி ஆணை வந்த அன்றே விலைப்புள்ளி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிதியைக் கண்காணிக்கும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் பதிவிட ஒருவர், ஒப்புதல் தர ஒருவர் என இரண்டு உள்நுழைவு தேவை. பல கல்லூரி அலுவலகங்களுக்கு இது பழக்கமில்லை, கணக்கர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பில்லை நீங்களே போட்டுக் காட்டுவது நல்லது. வட்டி ஏதும் சேர்ந்தால் அது அரசுக்குத் திரும்ப வேண்டியது, அதை வைத்து ரசாயனம் வாங்கிவிடாதீர்கள், தணிக்கையில் நிற்கும்.

கருவி வாங்கித் துறையையே கட்ட வேண்டும் என்பவர்களுக்கு டேர் பொருந்தாது. மூன்று ஆண்டுக்கு 30 லட்சம் வரை தரும் நோக்கோடு செர்ப் கொண்டுவந்த ஷூர் திட்டமோ, கல்லூரித் துறைக்கே நிதி தரும், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடி-யின் ஸ்டார் கல்லூரித் திட்டமோ அதற்குச் சரி. கணிதம், கோட்பாட்டு இயற்பியல் ஆசிரியர்களுக்கு டேர் நன்றாகவே பொருந்தும், செலவு குறைவு, அவர்களுக்கு வேண்டியது பேச ஆளும் படிக்க இதழும்தான். 40 வயதைத் தாண்டியவர்கள் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் இப்போதே வழிகாட்டியைத் தேடத் தொடங்குங்கள். சம்மதக் கடிதம் கிடைக்கவே ஒரு பருவம் ஓடிவிடும்.