ஒலி மட்டும் போதுமா, மரபணுவும் வேண்டுமா?

மூளையின் ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தூண்ட வேண்டுமென்றால், நம்பகமான வழி இன்றும் மண்டையோட்டில் துளையிட்டு மின்முனையை இறக்குவதுதான். கத்தி வேண்டாம் என்றால் காந்தச் சுருள் இருக்கிறது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்துகாட்டிய டிஎம்எஸ் (தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் முறை), 2008 முதல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற சிகிச்சை. ஆனால் வழக்கமான சுருளின் வீச்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும்.

அதற்குக் கீழே போக அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. அதில் இரண்டு கட்சி. ஒலியை மட்டும் குவித்தால் போதும் என்பது ஒன்று. நரம்பணுக்களுக்கு ஒரு மரபணுவைக் கொடுத்து, அவற்றை ஒலிக்குச் செவிசாய்க்க வைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் கட்சியின் பலம் எளிமை. 500 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குத் திசுவில் அலைநீளம் சுமார் 3 மில்லிமீட்டர். மண்டையோட்டைத் தாண்டி, ஆழத்தில் சில மில்லிமீட்டர் இடத்தில் அதைக் குவிக்க முடியும். உடலுக்குள் எதையும் விட்டுவைக்கத் தேவையில்லை. பலவீனம், அந்த இடத்தில் இருக்கும் எல்லாச் செல்களுக்கும் ஒலி ஒன்றுபோலப் போய்ச் சேர்வது. தூண்டும் நரம்பணுவும் அடக்கும் நரம்பணுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, விளைவு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2018-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், எலிகளிலும் கினிப் பன்றிகளிலும் அல்ட்ராசவுண்டின் விளைவாகக் கருதப்பட்டதில் பெரும்பங்கு காது வழியாக வந்தது என்று காட்டின. செவிப்புலனை முடக்கியதும் மூளையின் எதிர்வினை பெரிதும் குறைந்தது. இந்தத் துறையில் இதைவிட முக்கியமான எச்சரிக்கை வேறில்லை என்பேன். அதற்குப் பிறகு துடிப்பைச் சட்டென்று தொடங்காமல் மெல்ல ஏற்றி இறக்குவது, காதில் வேறு ஒலியைப் போட்டு மறைப்பது போன்ற கட்டுப்பாடுகள் வந்தன. அவை இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

சரி, மரபணுக் கட்சி? சோனோஜெனெடிக்ஸ் என்ற பெயரில் 2015-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தின் ஸ்ரீகாந்த் சலசானி குழு தொடங்கிவைத்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில், டிஆர்பி-4 என்ற அயனி வாய்க்கால் (செல்லின் சவ்வில் திறந்து மூடி, மின்னேற்ற அணுக்களை உள்ளே விடும் புரதம்) அல்ட்ராசவுண்டுக்குத் திறக்கும்படி செய்தார்கள்; ஒலியைப் பெருக்க நுண்குமிழிகளும் தேவைப்பட்டன. 2022-இல் மனிதரிடமுள்ள டிஆர்பிஏ1 வாய்க்காலை எலியின் இயக்கப் புறணியில் (அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில்) சேர்த்து, ஒலியால் காலின் தசைகளை இயங்க வைத்தார்கள். மரபணு போய்ச் சேர்ந்த செல்கள்தான் பதில் சொல்லும் என்பதால், எந்த இடம் என்பதோடு எந்தச் செல் என்பதையும் இங்கே தேர்ந்தெடுக்கலாம். முதல் கட்சியால் இது முடியாது.

ஆனால் அந்த எலிச் சோதனையில் பயன்பட்ட ஒலி சுமார் 7 மெகாஹெர்ட்ஸ். எலியின் மெல்லிய மண்டையோட்டை அது தாண்டிவிடும். மனித மண்டையோடு பெரும்பகுதியை விழுங்கிவிடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹாங் சென் குழு, ஒலியால் திசுவைச் சூடாக்கித் திறப்பதற்காக, சூட்டுக்குத் திறக்கும் டிஆர்பிவி1 என்ற வாய்க்காலை எடுத்துக்கொண்டது. அந்த வாய்க்கால் திறக்கச் சுமார் 42 டிகிரி சூடு வேண்டும் என்பது மனித மூளையை நினைத்தால் எனக்குத் தயக்கம் தருகிறது.

அப்புறம், மரபணுவைச் சுமக்கும் வைரஸை இந்த எலிகளுக்கு ஊசியால்தான் மூளைக்குள் செலுத்தினார்கள். தூண்டும்போது துளை இல்லை, தயார் செய்யும்போது துளை உண்டு. 'ஊடுருவாத' என்ற சொல்லைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். போட்ட மரபணுவைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

அந்த ஊசியைத் தவிர்த்தது அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மிகைல் ஷாபிரோ குழு 2018-இல் காட்டிய மூன்றாவது வழி. நுண்குமிழிகளை ரத்தத்தில் விட்டு, அல்ட்ராசவுண்டால் ஒரே ஒரு இடத்தில் ரத்த-மூளைத் தடுப்பை (ரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் போகாமல் காக்கும் சுவரை) தற்காலிகமாகத் திறக்கிறார்கள். ரத்தத்தில் சுற்றும் வைரஸ் அங்கே மட்டும் உள்ளே போகிறது. அது கொண்டுசேர்க்கும் மரபணு செல்லில் ஒரு ஏற்பியை (மருந்து வந்து ஒட்டும் புரதத்தை) உருவாக்கும்; அதைப் பிறகு ஒரு மருந்து கொடுத்து இயக்குகிறார்கள். வேகம் குறைவு, மருந்தின் விளைவு மணிக்கணக்கில் நீடிக்கும். அந்த மருந்தும் சுத்தமானதல்ல: பரவலாகப் பயன்பட்ட சிஎன்ஓ என்ற மருந்து, உடலில் குளோசபின் என்ற மனநோய் மருந்தாக மாறித்தான் வேலை செய்கிறது என்று 2017-இல் தெரியவந்தது. ஆனாலும் வலிப்பு போன்ற நாட்பட்ட நோய்க்கு மில்லிசெகண்ட் வேகம் எப்போதும் தேவையில்லை. மரபணு வேண்டியதுதான் என்றால், எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

மனிதருக்கு இன்றைக்கு எது என்று கேட்டால், ஒலி மட்டும் என்பேன். தவறாகப் போனால் கருவியை அணைத்துவிட்டு அடுத்த சோதனையை யோசிக்கலாம். சோனோஜெனெடிக்ஸ் பக்கம் நான் சாய ஒன்று நடக்க வேண்டும்: 500 கிலோஹெர்ட்ஸ் அளவில், திசுவைச் சூடாக்காமல் திறக்கும் ஒரு வாய்க்கால், தடித்த மண்டையோடுள்ள விலங்கில், செவிப்புலனை முடக்கிய பிறகும் வேலை செய்ய வேண்டும்.