தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்: பதின்மூன்று வெற்றிகளை வைத்து ஒரு மதிப்புரை

இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு சட்டமன்றப் பொதுத்தேர்தலுக்கும் ஒரு புள்ளிவிவர அறிக்கை தயாரிக்கிறது. 1951-52இல் நடந்த முதல் தேர்தலில் தொடங்கும் அந்த வரிசை ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. காசு கிடையாது. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அரசியல் வாழ்க்கையை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பொருள் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது கலைஞர் கருணாநிதியின் பெயரை. 1957 முதல் 2016 வரை 13 முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றார், 13 முறையும் வென்றார். குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று ஏழு தொகுதிகள். ‘தோல்வியே காணாதவர்’ என்று சொல்லிக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று இந்த அறிக்கைகளைத் திறந்தால்தான் தெரியும். ஏனென்றால் வென்றவருக்குக் கொடுக்கிற அதே இடத்தை இவை இரண்டாவதாக வந்தவருக்கும் கொடுக்கின்றன. பெயர், கட்சி, வாங்கிய ஓட்டு, சதவீதம், ஆளுக்கு ஒரு வரி. மேடையில் பேசுகிறவர்கள் அந்த இரண்டாவது வரியைப் படிப்பதே இல்லை.

1957 அறிக்கையைத் திறக்கும் முன் ஒரு சேதி தெரிந்திருக்க வேண்டும். தி.மு.க. என்று தேடினால் கிடைக்காது. கட்சிக்கு அப்போது ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாததால் அதன் வேட்பாளர்கள் எல்லாரும் சுயேச்சைகளாகவே பதிவாகியிருக்கிறார்கள். மாநிலத்தின் பெயரும் மெட்ராஸ்தான், 1967 அறிக்கை வரைக்கும் அப்படித்தான். இதற்கு மேல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் வேறு. 167 தொகுதிகளில் இருந்து 205 பேர் தேர்வாயிருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் அச்சுப்பிழை என்றே நினைத்தார்கள். 38 தொகுதிகள் இரண்டிரண்டு பேரை அனுப்பின என்று சொன்ன பிறகு கணக்கு சரியாக வந்தது. இதையெல்லாம் தாண்டிக் குளித்தலைக்குப் போனால், 22,785 ஓட்டு வாங்கிய ஒரு ‘சுயேச்சை’, 14,489 வாங்கிய காங்கிரஸ் வேட்பாளரை வென்றிருப்பது தெரியும். அப்போது கருணாநிதிக்கு வயது 32.

1962இல் தொகுதி தஞ்சாவூர். எதிரில் நின்றவர் பரிசுத்த நாடார், 32,145க்கு 30,217. வித்தியாசம் 1,928தான். அதே அறிக்கையில் காஞ்சிபுரத்துக்குப் போனால் அண்ணா தோற்றிருப்பதைப் பார்க்கலாம். தலைவரே தோற்ற தேர்தலில் கிடைத்த 1,928 அது. இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அதன் கனம் தெரியும்.

நான் அதிக நேரம் செலவிடுவது 1980 அறிக்கையில். அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க., காங்கிரஸ் கூட்டணிக்குத் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 கிடைத்தது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அதே மக்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடம் கொடுத்தார்கள். அண்ணா நகரில் கருணாநிதிக்கு 51,290, டாக்டர் எச்.வி.ஹண்டேவுக்கு 50,591. வித்தியாசம் 699. அதாவது 350 பேர் மனம் மாறி அடுத்தவருக்குப் போட்டிருந்தால் ‘தோல்வியே காணாதவர்’ என்ற சொல் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழெட்டு வகுப்பறைகளில் அடங்கிவிடுகிற கூட்டம் அது. தோற்ற ஹண்டே பிற்பாடு எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார்.

1991இலும் இதே கதை, இன்னும் கடுமையாக. ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட பிறகு நடந்த தேர்தல். மாநிலம் முழுக்கத் தி.மு.க. துடைத்தெறியப்பட்டபோது துறைமுகத்தில் 30,932க்கு 30,042, எதிரில் காங்கிரஸின் கே.சுப்பு. 890 ஓட்டில் தப்பினார். இதற்கு முந்தைய தேர்தலில், 1989இல், இதே துறைமுகத்தில் அவர் வென்றது 31,991 ஓட்டு வித்தியாசத்தில். இரண்டே ஆண்டுகளில் முப்பத்தோராயிரம் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். பிள்ளைகள் தாங்களாகவே இரண்டு அறிக்கைகளையும் எடுத்து, 1989இல் எத்தனை பேர் எதிரே நின்றார்கள், எதிர் ஓட்டு எப்படிப் பிரிந்தது, 1991இல் எப்படி ஒன்று சேர்ந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள். கூட்டணிக் கணக்கு என்று பத்திரிகைகள் எழுதுவதை அவர்கள் கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.

கட்சியின் அலையும் ஆளின் வித்தியாசமும் ஒன்றாகப் போகும் என்று நாம் நினைக்கிறோம் இல்லையா, அதையும் இந்த அறிக்கைகள் உடைக்கின்றன. 1967இல் சைதாப்பேட்டையில் அவர் வித்தியாசம் 20,482. கட்சி 184 இடம் பிடித்த 1971இல், முதலமைச்சராக நின்றும் அதே தொகுதியில் 12,511 ஆகக் குறைந்தது. மாறாக, தி.மு.க. வெறும் 23 இடங்களோடு எதிர்க்கட்சித் தகுதியைக்கூட இழந்த 2011இல் திருவாரூர் அவருக்கு 50,249 வித்தியாசம் கொடுத்தது. அதுவரை அவர் பார்த்த வித்தியாசங்களில் அதுதான் பெரியது. 2016இல் அது 68,366 ஆனது. சென்னைத் தொகுதிகளில் 2001இல் 4,834, 2006இல் 8,526 என்று வந்துகொண்டிருந்தவர் சொந்த மண்ணுக்குத் திரும்பியதன் பலன் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். இவை பொதுத்தேர்தல் அறிக்கைகள் மட்டுமே. இடைத்தேர்தல் இவற்றில் வராது. யார் பதவி விலகினார், ஏன் விலகினார் என்பதும் வராது. சட்டமன்றத்தோடு மேலவை என்ற இரண்டாவது அவை ஒன்று மாநிலத்தில் இருந்ததே இவற்றைப் படித்தால் தெரியாது. 1984 அறிக்கையில் கருணாநிதி பெயர் இருக்காது. இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக 1983இல் சட்டமன்றப் பதவியை விட்டு விலகிப் பின் மேலவைக்குப் போனவர் அவர். 1991இல் 890 ஓட்டில் வென்ற அந்த இடத்தையும் உடனே விட்டுவிட்டார், அறிக்கையில் அவர் வென்றதோடு சரி. இதைவிட விசித்திரம் 1967. அந்தத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்த அண்ணாவின் பெயர் சட்டமன்ற உறுப்பினர் பட்டியலில் கிடையாது. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்ற அவர், மேலவை வழியாகவே முதலமைச்சராக நீடித்தார். ஆகவே அறிக்கையை மட்டும் வைத்து ஒருவரின் வாழ்க்கையை எழுதினால் நடுவில் ஓட்டைகள் விழும். சட்டமன்றச் செயலகம் வெளியிட்டுள்ள உறுப்பினர் விவரங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது திருவாரூர் காலியானது. 2019 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலை 2016 அறிக்கையிலும் தேட முடியாது, 2021 அறிக்கையிலும் தேட முடியாது.

வேட்பாளரின் சொத்து, வழக்கு, படிப்பு பற்றி இதில் எதுவும் இல்லை. அதற்குப் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் தனியாக இருக்கிறது. உச்சநீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, 2003க்குப் பின்தான் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதனால் கருணாநிதியின் 13 தேர்தல்களில் கடைசி மூன்றுக்குத்தான் பத்திரம். வேட்பாளர்களின் பத்திரங்களைத் தொகுத்துத் தரும் மைநேதா தளத்தில் அவற்றை எளிதாகப் பார்க்கலாம்.

இன்னொரு துணைப் பொருளை நான் உயர்வாக மதிக்கிறேன். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும் படிவம் 20, அதாவது வாக்குச்சாவடி வாரியான முடிவு. வாக்குச்சாவடிக்குப் பொறுப்பான பிரிசைடிங் ஆபீசராக நான் பல தேர்தல்களில் போயிருக்கிறேன். இரவு வெகுநேரம் கழித்து சீல் வைத்து ஒப்படைத்த இயந்திரத்தின் எண்ணிக்கை, சாவடி எண்ணோடு ஒரு வரியாக அச்சில் நிற்பதைப் பார்க்கும்போது செய்த வேலைக்கு ஒரு மரியாதை கிடைத்ததாகவே உணர்கிறேன். ஆணையத்தின் பெரிய அறிக்கை தொகுதியோடு நின்றுவிடும், படிவம் 20 தெருவரைக்கும் இறங்கும்.

பழைய அறிக்கைகளைப் படிக்கப் பொறுமை வேண்டும். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறும். பெயரை வைத்துத் தேடாமல் தொகுதியை வைத்துத் தேடுங்கள். தொகுதி மறுசீரமைப்பையும் மறக்கக் கூடாது. 2006 வரை சேப்பாக்கமாக இருந்தது 2011இல் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி. வாக்குச்சீட்டுக் காலத்தில் செல்லாத ஓட்டு என்ற வரியைத் தவறாமல் பாருங்கள். நெருக்கமான முடிவுகளில் அந்த வரிதான் முதலில் பார்க்க வேண்டியது. 2001இல் தமிழ்நாடு முழுக்க இயந்திரத்துக்கு மாறிய பின் அது சுருங்கிப்போகிறது. 2016இல் நோட்டா என்ற புது வரி வருகிறது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைப் பிடித்து வைத்திருப்பது மொழிக்காக. தமிழ்நாட்டின் தேர்தல் கணக்கு முழுவதும் ஆங்கிலத்தில் கிடக்கிறது. குறைந்தது விரிவான முடிவுகள் என்ற பகுதியையாவது தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் ஒரு தொகுப்பு கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடத் தன் தொகுதியின் பக்கத்தைத் திறந்து, இதுவரை யார் யார் வென்றார், யாரை வென்றார், எத்தனை ஓட்டில் என்று தானே படித்துக்கொள்ளும்.