மரப்பெட்டிக்குள் கம்ப்யூட்டர்: மூன்று மழைக்காலம் கழித்து

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "தீப்பிடிச்சுக்காதா?" என் கம்ப்யூட்டருக்காக 2022 பிப்ரவரியில் நானே மரத்தில் செய்த பெட்டி, தினமும் எட்டு மணி நேரமாவது ஓடுகிறது, இதுவரை தீப்பிடிக்கவில்லை. மரம் பற்றிக்கொள்ள சாதாரணமாக 250 டிகிரி போல வேண்டும், உள்ளே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசஸர் 95 டிகிரியை நெருங்கினாலே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்குத் தொல்லை கொடுத்தது சூடு இல்லை, ஐப்பசி மழை.

மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன மதர்போர்டு 17க்கு 17 செ.மீ. அதன் பக்கத்தில் எஸ்எஃப்எக்ஸ் என்கிற சின்ன அளவு பவர் சப்ளையை நிமிர்த்தி வைத்து, ஒயர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 12 மி.மீ. பிளைவுட்டில் அடித்தால் வெளி அளவு 26.5, 21.5, உயரம் 16 செ.மீ. ஒன்பது லிட்டர் சொச்சம். கிராபிக்ஸ் கார்டு கிடையாது, கேம் ஆடுகிற ஆளும் நான் இல்லை. மேல்மூடிக்கு மட்டும் ஊரில் பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்திருந்த தேக்குப் பலகை. அழகுக்காகச் செய்த அந்த ஒரு காரியம்தான் வினையாகப் போனது.

பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டியிருப்பதால் ஈரத்துக்கு அதிகம் அசையாது. முழுப்பலகை அப்படி இல்லை, நீளவாக்கில் அப்படியே இருக்கும், அகலத்தில் ஊதும். நான் மூடியை, பக்கப்பலகையில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் தள்ளிப் பூட்டுகிற மாதிரி, இம்மி இடைவெளி இல்லாமல் இழைத்து, அந்தக் கச்சிதத்தைப் பார்த்து நானே பூரித்துப்போயிருந்தேன். அந்த வருட அடைமழையில் ஒருநாள் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம் என்றால் மூடி வரவே இல்லை. கடைசியில் தோசைக்கரண்டியை விட்டு நெம்பினேன், அந்தத் தழும்பு இன்னும் இடது ஓரத்தில் இருக்கிறது. பெட்டியைப் பார்த்த ஆசாரி அண்ணன் சிரித்துவிட்டு, "கதவுக்கு விடுற சந்து இதுக்கும் விடணும்ல தம்பி?" என்றார். இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. சீவிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

பின்பக்கம் இன்னொரு பாடம். போர்டில் ஒயர் சொருகும் வாய்கள் மெல்லிய தகட்டுக்காக அளவெடுத்தவை. 12 மி.மீ. பலகையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓட்டை போட்டேன், எச்டிஎம்ஐ ஒயர் பாதிதான் இறங்கியது, மேசையைத் தொட்டாலே திரை கண் சிமிட்டியது. அப்புறம் அந்தப் பக்கத்தையே அறுத்துவிட்டு ஒரு மி.மீ. அலுமினியத் தகடு வைத்தேன். வைத்த அன்றே தகட்டைத் தொட்டால் சுருக்கென்றது! அறையின் பிளக்கில் எர்த் இணைப்பே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரும்புக் கேஸில் போர்டு, பவர் சப்ளை, கேஸின் உடம்பு எல்லாம் தானாகவே ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும், மரத்தில் நாம்தான் சேர்க்க வேண்டும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்தேன், பிறகு தகட்டிலிருந்தும் போர்டின் ஒரு ஸ்க்ரூவிலிருந்தும் பவர் சப்ளையின் இரும்பு உடம்புக்குச் செம்பு ஒயர் இழுத்தேன். யாராவது செய்வதாக இருந்தால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் சூட்டைக் கடத்தாது, எல்லாம் காற்றோடுதான் வெளியே போக வேண்டும். முன்பக்கம் அழகாகப் போட்ட 6 மி.மீ. ஓட்டைகள் போதவில்லை, மே மாதம் பிராசஸர் 88 டிகிரி வரை போனது. அடியில் பெரிதாக அறுத்து, கொசுவலை ஒட்டி, இரண்டு செ.மீ. கால் வைத்தேன். இப்போது கத்திரி வெயிலிலும் 80 தாண்டுவதில்லை. வார்னிஷ் காயுமுன் மாட்டியதால் முதல் மாதம் முழுக்க அறையில் பெயிண்ட் கடை வாசம், அது என் அவசரம்.

பவர் பட்டன், சாதாரண காலிங் பெல் ஸ்விட்ச். அழுத்திவிட்டால் திரும்பி வந்துவிடுவதால் போர்டில் பவர் பட்டனுக்கென்று இருக்கும் இரண்டு ஊசிகளில் நேராக மாட்டலாம். வருகிற குழந்தைகள் எல்லாம் பெல் என்று நினைத்து அழுத்துகிறார்கள். விண்டோஸ் அமைப்பில் அந்தப் பட்டனுக்கு 'எதுவும் செய்யாதே' என்று மாற்றி வைத்துவிட்டேன்.

போன வருடம் காடியை அடைத்துவிட்டு மூடியை நான்கு காந்தத்தில் உட்கார வைத்திருக்கிறேன். மழையில் ஊதினாலும் ஊதட்டும், ஒரு விரலில் தூக்கினால் வந்துவிடுகிறது.