எக்ஸ்டஸி மாத்திரைக்கான மார்க்விஸ் சோதனைக் கிட்: எதைக் காட்டும், எதை மறைக்கும்

வெள்ளைப் பீங்கான் தட்டில் மாத்திரையிலிருந்து குண்டூசித் தலையளவு தூளைச் சுரண்டிப் போட்டு, கிட்டில் உள்ள திரவத்தை ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். எக்ஸ்டஸியின் போதைப்பொருளான எம்டிஎம்ஏ இருந்தால் சில நொடிகளில் ஊதா படர்ந்து கறுத்துவிடும். நிறமே மாறவில்லையா? எக்ஸ்டஸி என்ற பெயரில் விற்கப்படும், அதைவிட ஆபத்தான பிஎம்ஏ-வாக இருக்கலாம். அது மெதுவாகத்தான் ஏறும். வேலை செய்யவில்லை என்று இரண்டாவது மாத்திரையைப் போட்டு, உடல் கொதித்து இறந்தவர்கள் உண்டு.

கிட்டின் பெரிய குறை, அளவைச் சொல்லாது. அந்தக் கறுப்பு கூடவே கலந்திருப்பதையும் மூடிவிடும். மிகச் சிறிய அளவிலேயே கொல்லக்கூடிய ஃபென்டனிலைக் கண்டறியத் தனிச் சோதனைப் பட்டை வேண்டும். சுத்தமான எம்டிஎம்ஏ-வே உடல் சூட்டை ஆபத்தாக ஏற்றும். பயந்து தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம்.

சொட்டில் இருப்பது கந்தக அமிலமும் ஃபார்மால்டிஹைடும். கையுறை இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். ஃபிரிட்ஜில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். புட்டிக்குள்ளேயே நிறம் மாறியிருந்தால் அந்தச் சோதனையை நம்பாதீர்கள்.