கிங்பின் புஷ் வேலையில் என் ஒரு மாதச் சம்பளம் போனது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று மாலைதான் முன்சக்கரங்களை மறுபடியும் கழற்றினேன். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை, கோபமும் ஆறவில்லை. பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில், கிங்பின் புஷ் (முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கும் கிங்பின் என்ற தண்டைச் சுற்றி உட்காரும் வெண்கலக் குழல்) மாற்றுவதற்காக என் ஒரு மாதச் சம்பளத்தை முழுதாக முன்பணமாகக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பட்டறையின் பெயர் வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

நான் நம்பியது ஒரு ரீமரைப் பார்த்துத்தான்; துளையின் உட்சுவரைச் சீவிச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி அது. முதல் நாள் பட்டறைக்காரர் இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த அட்ஜஸ்டபிள் ஹேண்ட் ரீமரை எடுத்து என் கையில் கொடுத்தார். சரிவாக வெட்டிய காடிகளில் உட்கார்ந்திருந்த பிளேடுகள், அவற்றை இருபுறமும் இறுக்கிப் பிடித்த நட்டுகள், மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் சீவுவதற்கான நீண்ட வழிகாட்டித் தண்டு என எல்லாமே பளிச்சென்று இருந்தன. வெண்கலப் புஷ்ஷை அழுத்தி ஏற்றினால் உள்துளை சற்றுச் சுருங்கும் என்றும், அதனால் ரீமரைக் கையாலேயே திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும் என்றும், பின்பக்கமாகத் திருப்பினால் வெட்டுமுனை மழுங்கிவிடும் என்றும் அவர் விளக்கியபோது, தொழில் தெரிந்தவர் என்று நினைத்து ரசீதுகூடக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

வண்டி வந்த அன்றே ஸ்டியரிங் இறுக்கமாக இருந்தது. திருப்பத்தில் விட்டால் தானாக நேருக்கு வரவில்லை. “ஓட ஓட செட்டாயிடும் சார்” என்றார். இரண்டே வாரத்தில் இறுக்கம் போய், ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் டக் டக்கென்று ஆட்டம் கேட்டது. “கிரீஸ் அடிங்க” என்றார். அடித்தால் மேல் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) கிரீஸ் ஏறவேயில்லை. மூன்றாம் முறை, புஷ் மட்டமான சரக்கு என்றார். அந்தப் புஷ்ஷை வாங்கியதே அவர்தான்! அதன்பின் வேலைப் பையன்தான் போனை எடுக்கிறான்; அண்ணன் எப்போதும் வெளியே போயிருக்கிறார்.

கழற்றிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. புஷ்ஷின் உட்சுவரில் ரீமர் விடும் வழவழப்பே இல்லை. டிரில்லில் எமரித்தாளைச் சுற்றி ஓட்டியது போன்ற வளைவளைவான கீறல்கள், இரு ஓரங்களும் புனல்வாயாக அகன்றிருந்தன. கிங்பின்னில் மேலே ஒரு பக்கமும் கீழே அதற்கு நேரெதிர்ப் பக்கமும் மட்டுமே தேய்ந்திருந்ததால், இரண்டு புஷ்களும் நேர்கோட்டிலேயே இல்லை என்றே தோன்றியது. மேல் புஷ்ஷின் கிரீஸ் துளையோ நிப்பிள் துளையை விட்டு விலகி, வெறும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ரீமர் துணியை விட்டு வெளியே வந்திருக்காது. ஒரு மாதச் சம்பளம் போனதோடு, புதுப் பின்னும் புஷ்ஷும் மறுபடி வாங்க வேண்டும்.

விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன், பொறுமை இல்லை. ரீமர் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எண்ணெய் தடவிய கிங்பின், கட்டைவிரல் அழுத்தத்துக்கே ஆட்டமில்லாமல் இரண்டு புஷ்களிலும் வழுக்கி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே பூட்ட விடுங்கள். கிரீஸ் துளைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தது ஒரு மாதச் சம்பளம். இன்று காலையும் அழைத்தேன், அண்ணன் வெளியேதான் போயிருக்கிறாராம்.