கிளிநொச்சியில் ஆங்கில விண்ணப்பம் அடிக்கக் கொடுப்பவர்களுக்கு

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட உள்ள சின்னத் தட்டச்சுக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு அக்கா தனியாக நடத்துகிறார், ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரின்டர், அவ்வளவுதான். ஆனால் ஆங்கிலத்தில் சுயவிபரக்கோவை அடிக்க நான் இனி வேறு இடம் போகமாட்டேன்.

போன முறை இன்னொரு கடையில் கொடுத்தேன். அங்கே கொம்பியூட்டர் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது, சிவப்புக் கோடு விழுந்த சொல்லையெல்லாம் ஒரே அமுக்கில் மாற்றிவிட்டார்கள். சர்வதேச தொழில் அமைப்பின் (ஆங்கிலத்தில் ‘இன்டர்நாஷனல் லேபர் ஆர்கனைசேஷன்’) பயிற்சி ஒன்றுக்குப் போனதை எழுதியிருந்தேன், அந்தப் பெயரில் வரும் ‘லேபர்’ என்ற சொல்லிலேயே ‘யூ’ இல்லாமல் போய்விட்டது. அவர்களுடைய பெயரை அவர்கள் எழுதுகிற மாதிரித்தானே நாங்களும் எழுத வேண்டும்! அனுப்பிய பிறகுதான் கண்டேன், அன்றிரவு நித்திரையே இல்லை.

இந்த அக்கா தாளைக் கையில் வாங்கியதும் கேட்டது, “தம்பி, இது எங்க போகப்போகுது?” கொழும்புக்கு என்றேன். சரி, அப்ப பிரித்தானிய முறை என்று முதலில் மொழியை மாற்றினார். அடித்து முடிந்ததும் அடிமட்டத்தை ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் வைத்து வாசித்தார். ‘சென்டர்’ என்பதை நான் ஒரு இடத்தில் ‘ஆர்ஈ’ என்றும் இன்னொரு இடத்தில் ‘ஈஆர்’ என்றும் முடித்திருந்தேன், பிடித்துவிட்டார். ட்ரைவிங் லைசன்சுக்கு ‘எஸ்’ போட்டிருந்தேன். “பெயர்ச்சொல் எண்டால் ‘சி’, வினை எண்டால் ‘எஸ்’. ‘அட்வைஸ்’ஐ நினைச்சுக்கொள்ளுங்கோ, அதில சத்தமே மாறும்” என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படி யாரும் சொல்லித் தரவில்லை.

‘ஆர்கனைசேஷன்’ இல் இருந்த ‘இசெட்’ அமெரிக்கப் பழக்கம், அதையும் மாற்றுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார், அவர் சொன்னதுதான் சரி. ஒக்ஸ்போர்ட் அகராதியே ‘இசெட்’டைத்தான் முன்னால் போடுகிறது, தொழில் அமைப்பின் பெயரிலும் ‘யூ’வும் ‘இசெட்’டும் சேர்ந்தே இருக்கின்றன. ‘கலர்’, ‘லேபர்’ போன்ற சொற்களில் ‘யூ’வை விட்டு எழுதுவதுதான் அமெரிக்க வழக்கம், நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியும் அப்படித்தான். ‘இசெட்’ அதற்கும் வெகுகாலம் முந்தியது.

விலை மற்றக் கடைகளைவிடக் கொஞ்சம் கூட, பரவாயில்லை. முடிவுத் திகதிக்கு முதல் நாள் மட்டும் போகாதீர்கள், சனம் நிறைந்திருக்கும், அவரும் அவசரப்பட்டு வாசிக்கிற ஆள் இல்லை. அப்புறம், தமிழைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார், மின்னஞ்சலில் அனுப்புவதென்றால் யூனிகோட் வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள்.