மெரினா வான் சாகசம் 2024: எங்கே நின்று, எப்படிப் பார்ப்பது

விமானப் படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் 72 விமானங்கள் பறந்தன. பறந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரஃபேல், சுகோய்-30, தேஜஸ், பழைய டகோட்டா எல்லாவற்றையும் காசு கொடுக்காமல் ஒரே நாளில் பார்க்க முடிந்தது பெரிய விஷயம்.

நேரம்தான் தவறு. பகல் 11 முதல் 1 மணி வரை, நிழலே இல்லாத மணலில் லட்சக்கணக்கான பேர் நின்றார்கள். ஐந்து உயிர்கள் போயின. இதை எளிதாகக் கடந்துபோக முடியாது. மாலை 4 மணிக்கு வைத்திருந்தால் வெயில் தணிந்திருக்கும். சூரியன் நம் முதுகுப் பக்கம் போய், கடல்மேல் வரும் விமானத்தின் மீது நேராக வெளிச்சம் விழுந்திருக்கும். முற்பகலில் சூரியன் கடல் பக்கமே நிற்பதால் படமெல்லாம் கருநிழலாகத்தான் வரும். அப்போது கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் வரும் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டுங்கள். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. ஹெலிகாப்டருக்கு 1/200 போதும். அதைவிட வேகமாக வைத்தால் சுழலும் இறக்கைகள் படத்தில் உறைந்து, எந்திரம் நின்றுபோனது போலத் தெரியும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் பிழை, சத்தம் வரும் திசையில் தேடுவது. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் ஜெட்டின் ஓசை நம் காதை எட்ட ஏறக்குறைய 3 நொடி ஆகும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் அதற்குள் விமானம் முக்கால் கிலோமீட்டர் முன்னே போயிருக்கும். அதனால் ஓசைக்கு முன்னால் பாருங்கள். ஜெட் கூர்மையாகத் திரும்பும்போது இறக்கையின் மேல் கண்ணை வையுங்கள். அங்கே அழுத்தம் சட்டென்று குறைவதால் காற்று குளிர்ந்து, ஈரம் வெள்ளைப் புகைபோலத் திரண்டு, அடுத்த கணமே கலைந்துவிடும். கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மெரினா இதற்கு அருமையான இடம். விமானப் படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஒன்பது ஹாக் விமானங்கள் விடும் புகை வேறு வகை. என்ஜினின் சூடான வெளியேற்றத்தில் டீசலைப் பீய்ச்சி உண்டாக்குவது.

குழந்தைகளுக்குக் காதுமூடி கட்டாயம். பெரியவர்களுக்குக் காதுக்குள் செருகும் நுரை அடைப்பான் போதும்: விரலால் உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சும்மா செருகினால் பாதிப் பலன்கூட இருக்காது.

திரும்பும் வழிதான் மோசம். அன்றைக்குப் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. நான்காவது பாதைப் பணிக்காக கடற்கரை நிலையம் வரை சேவை இல்லை. கூட்டம் முழுக்கச் சில நிலையங்களில் மோதியது. இனி ஒருமுறை நடந்தால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குடை, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முதியவர்களை மணலில் இறக்காமல் சாலையோரம் நிழல் உள்ள இடத்தில் உட்கார வையுங்கள். கடைசி விமானம் போனதும் ஒரு மணி நேரம் பொறுத்துக் கிளம்புங்கள்.